எட்டாம் தேதியிலிருந்து கழித்தால்

விதைப் பொட்டலத்தின் முதுகில் நான்கு மொழிகளில்
ஒரே அறிவுரை:
கடைசி உறைபனி போன பிறகு நடவும்.
ஜெலுத்தோங்கில் பனி என்பது
ஐஸ் கச்சாங் கிண்ணத்தோடு சரி.

ஆடிப்பட்டம் தேடி விதை என்பார்கள்.
தேடினேன், ஒரு வருடம்.
ஆடியில் போட்ட வெண்டை பிஞ்சு விடும் நேரம் பார்த்துப்
புரட்டாசி மழை இறங்கியது.
மறுநாள் பாத்தியில் விளைந்திருந்தது
யாருடையதோ ஒற்றைச் செருப்பு.

பக்கத்து வீட்டு ரொஸ்னா சொல்வாள்:
இங்கே எல்லா மாதமும் நடலாம்,
எல்லா மாதமும் கெட்டும் போகலாம்.
அவளுடைய பாயாம் மட்டும்
எந்த மாதமும் கெட்டதில்லை.

எனக்கு மாதக் கணக்கில்லை, ஷிப்ட் கணக்கு.
பாயான் லெப்பாஸில் சில்லுகளைச் சோதிக்கும் மேசை,
இரண்டு வாரம் இரவு, இரண்டு வாரம் பகல்.
இரவு வாரத்தில் விதைத்தால்
நாற்று வெயிலில் துவளும் வேளையில்
நான் திரையை இழுத்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருப்பேன்.
பகல் வாரம் தொடங்கும் திங்கள், மாலை ஐந்தரை.
அதுதான் என் பட்டம்.

நவம்பர் பத்து, மழைக்குள்,
வீட்டுக்காரர் ஊய் செய்தி அனுப்பினார்.
மன்னிக்கவும், மகன் குடிவருகிறான்,
பின்புறம் கார் நிறுத்த சிமெண்ட் போட வேண்டும்,
பிப்ரவரி எட்டு, காலை ஒன்பதுக்கு லாரி,
சீனப் புத்தாண்டுக்கு முன் முடிக்கணும்.
முன்பணம் முழுதாகத் திருப்பித் தருவார்.
நல்ல மனிதர். அதுதான் கஷ்டம்.

குகனேசன் வீடு பார்க்கத் தொடங்கினார்.
நான் நாள்காட்டியைப் புரட்டி எண்ணினேன்.
தொண்ணூறு.

முருங்கை இல்லை. பப்பாளி இல்லை.
கத்தரி எண்பது நாள் கேட்கும்,
கேட்டுவிட்டுப் பூவாக உதிர்க்கும்.
பீர்க்குக்கு அறுபது போதும், ஆனால் பந்தல் வேண்டும்.
போகிற வீட்டில் யார் பந்தல் போடுவார்கள்?
வெண்டைக்கு ஐம்பது. மேடு கட்டி,
மழை கொஞ்சம் ஒதுங்கிய இரண்டாம் நாளே ஊன்றினேன்,
குழிக்கு இரண்டு விதை, ஒரு விரற்கணு ஆழம்.
மிளகாய்க்குச் சரியாகத் தொண்ணூறு.
அத்தனை சரியாக வரும் கணக்கை நான் நம்புவதில்லை.
பெயிண்ட் டின்களில் வைத்தேன். கூட வரட்டும்.

ஜனவரி முதல் தேதி முதல் வெண்டை.
பிறகு தினமும் ஒரு கைப்பிடி,
பறிக்க மறந்த நாளில் வெறும் நார்.
மழை நின்று மண் பிஸ்கட் போல வெடித்தது.
ஒரு மூலை மட்டும் காலி, கதவு அகலம்.

கீரைக்கு இருபத்தைந்து நாள்.
எட்டாம் தேதியிலிருந்து இருபத்தைந்தைக் கழித்தால்
ஜனவரி பதினான்கு.
அன்று பொங்கல் என்பது
பிறகுதான் நினைவுக்கு வந்தது.
இரவு வாரம் என்பதும்.

பானையை இறக்கிவிட்டு
விதையில் மணல் கலந்து தூவினேன்.
ரொஸ்னாவிடம் பின்கதவுச் சாவியைக் கொடுத்தேன்.
கார் நிறுத்தப்போகிற இடத்துக்கா
தண்ணீர் ஊற்றச் சொல்கிறாய் என்றாள்.
ஆமாம் என்றேன்.
ஊற்றினாள்.

எட்டாம் தேதி லாரி பின்பக்கமாக வந்தது,
பீப் பீப் என்று சந்து முழுக்கத் தெரிவித்தபடி.
நான் வேரோடு பிடுங்கிக்கொண்டிருந்தேன்,
சிவப்புக் கீரை, முழம்கூட இல்லை,
மண் உதறவும் நேரமில்லை.
லாரிக்காரத் தம்பி இன்ஜினை அணைத்தான்.
சட்டையில் துரைமாணிக்கம் என்று தையல்.
மெதுவா பிடுங்குங்கக்கா, அவசரமில்ல.
ரப்பர் வளையம் போட்டு அவனுக்கும் ஒரு கட்டு.
எப்ப போட்டது?
உங்க லாரி வர்ற தேதியப் பாத்துப் போட்டது.
அவன் சிரிக்கவில்லை.
பையிலிருந்து சீட்டை எடுத்து
தேதியைச் சரிபார்த்தான்.

மிளகாய் டின்கள் ஏழும் வேனில் ஏறின.
பூ இருக்கிறது, காய் இல்லை.
புது வீடு கெலுகோரில், நான்காவது மாடி.
பால்கனிக்கு வெயில் எத்தனை மணிக்கு வரும் என்று
இன்னும் தெரியாது.